மழலையின் இரு வழிகள்



எதிர்வீட்டுக் குழந்தை பேசிவிட்டது, நம் குழந்தை இன்னும் பேசவில்லையே என்று கலங்குவோர் நம் தோட்டத்தில் பலர். முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும்போதே, “இவன் பேசவே நாளாயிற்று, மந்தம் ஐயா” என்று அவன் காதுபடக் கூறுவோரும் உளர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

கேதரின் நெல்சன் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், 18 குழந்தைகளின் முதல் 50 சொற்களை ஆராய்ந்து 1973ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவர்களுள் ஒரு சாரார் பொருள்களின் பெயர்களையே மிகுதியாகக் கற்றனர். நம் வீட்டு வழக்கில் கூறுவதானால், ‘பால்’, ‘பூனை’, ‘பந்து’ போன்றவை. மற்றொரு சாராரிடம் பெயர்கள் குறைவு; பிறரோடு உறவாடும் சொற்களும் தொடர்களும் மிகுதி. ‘வேணாம்’, ‘அம்மா வா’, ‘எனக்குத் தா’ என்பன அவ்வகையின. இத்தகைய குழந்தை தொடரின் ஓசையை முழுதாகப் பிடித்துக்கொள்கிறது; ஆனால் எழுத்துகள் தெளிவாக ஒலிப்பதில்லை. ஆகவே கேட்போர் ‘ஏதோ உளறுகிறது’ என எண்ணிவிடுகின்றனர். பெயர்களை எண்ணுவது எளிது. இதன் பேச்சை எண்ணுவதோ அரிது. பெரும்பாலான குழந்தைகள் இரு வழிகளையும் கலந்தே கற்கின்றன.

பெயர்வழிக் குழந்தைகளுள் தலைச்சன் பிள்ளைகள் மிகுந்திருந்தனராம். இதில் வியப்பில்லை. ஒரே பிள்ளையுள்ள தாய்க்கு ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் சொல்ல நேரம் கிட்டும். அண்ணன் அக்காளுக்கு நடுவே வளரும் சிறுவனோ ‘எனக்கு’ என்றல்லவா முதலில் கற்க வேண்டியுள்ளது!

அளவிலும் வேற்றுமை பெரிது. 1994இல் அமெரிக்காவில் 1,800க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வில், 16 மாதத்தில் சிலர் பத்துச் சொற்கள்கூடப் பேசவில்லை. வேறு சிலர் 150ஐத் தாண்டியிருந்தனர். பேசுவதற்கு முன்னரே குழந்தை புரிந்துகொள்கிறது என்பதையும் மறத்தல் கூடாது. ‘செருப்பு எங்கே?’ என்றதும் தவழ்ந்து சென்று அதனைத் தொடும் குழந்தை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் ‘பால்’ என்றும், மலாய் பேசும் ஆயாவிடம் ‘சூசு’ என்றும் சொல்லும் குழந்தைக்கு இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எனினும் எல்லாத் தாமதத்தையும் ‘தானாகச் சரியாகும்’ என்று விட்டுவிடுதல் தகாது. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையையும், 16 மாதமாகியும் ஒரு சொல்லேனும் பேசாத குழந்தையையும், இரண்டு வயதில் இரு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேசாத குழந்தையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதலில் செவியைச் சோதிக்கச் சொல்லுங்கள். கேளாத ஒலியை நா எவ்வாறு கற்கும்? தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே தாதியிடம் இதனைத் தெரிவிக்கலாம். அதற்கெனத் தனியாக ஒரு நாள் வேலையை விட வேண்டியதில்லை.