குளிர்காலத்திற் சிறு விமானம்

கனடாவின் வடபுலத்திலும் அலாஸ்காவிலும் சாலை செல்லாத ஊர்கள் பலவுள. அவற்றுக்கு மருந்தும் தபாலும் கொண்டுசெல்வன பெரும்பாலும் சிறு விமானங்களே. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை செல்சியசுக்கும் தாழக்கூடிய அந்நாடுகளில், குளிர்காலப் பறத்தலின் பாதுகாப்பு, விமானம் நிலத்தை விட்டெழுமுன்னரே பெரிதுந் தீர்மானிக்கப்படுகின்றது.

முதற்கண் நோக்கற்பாலது இறக்கை. அதன் வளைந்த மேற்பரப்பைத் தழுவி ஒழுங்காகச் செல்லுங் காற்றோட்டம் உயர்த்தும் விசைக்கு இன்றியமையாதது. இரவிற் படியும் உறைபனி, அரத்தாளின் சொரசொரப்பளவினதாயினும், அவ்விசையை நூற்றுக்கு 30 வரை குறைத்துக் காற்றின் தடையை நூற்றுக்கு 40 வரை மிகுவிக்கும். தீங்கு செய்வது பனியின் நிறையன்று. அது காற்றோட்டத்தைக் குலைப்பதேயாம். 1989ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆந் திகதி, ஒன்ராறியோ மாகாணத்து டிறைடன் நகரில், இறக்கையிற் பனி படிந்திருக்கவே புறப்பட்ட பயணிகள் விமானமொன்று வீழ்ந்து 24 பேர் மாண்டனர். பெரிய விமானத்துக்கே இக்கதியெனின், ஆற்றல் குறைந்த சிறு விமானத்தின் நிலையைக் கூறவேண்டுவதில்லை. ஆதலின், விமானி இரவில் இறக்கைகளை உறையிட்டு மூடுவர்; காலையில் எஞ்சிய பனியைத் துடைத்தகற்றிக் கையால் தடவியும் பார்ப்பர். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. வெந்நீர் ஊற்றுதல் தகாது. அது வழிந்தோடிக் கீல்களில் உறைந்து, அசையவேண்டிய உறுப்புகளை இறுக்கிவிடும்.

அடுத்தது எந்திரம். கடுங்குளிரில் எண்ணெய் தடித்து, உரிய இடங்களைச் சென்றடையத் தாமதிக்கும். மேலும், அலுமினியம் உருக்கினும் ஏறத்தாழ இருமடங்கு சுருங்குமாதலால், அலுமினியக் கூடு உருக்குத் தண்டை நெருக்கித் தாங்கிகளின் இடைவெளியைக் குறைக்கும். இந்நிலையில் எந்திரத்தை இயக்கின் தேய்வு மிகும். முன்னாளில் விமானிகள் மாலையில் எண்ணெயை வடித்தெடுத்து, அடுப்பருகே வைத்துக் காத்து, காலையில் மீண்டும் ஊற்றினர். இன்று மின்சூடாக்கிகள் அப்பணியைச் செய்கின்றன. எரிபொருட்டாங்கியின் அடியிற் சேரும் நீரையும் வடித்தல் வேண்டும். அது உறையின் குழாய் அடைபடும்.

இறுதியாக, அறையைச் சூடாக்கும் அமைப்பு. பல சிறு விமானங்களில் இது புகைபோக்கியின் வெப்பத்தையே பயன்படுத்துகின்றது. அதில் ஒரு வெடிப்பு உண்டாயின், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு உட்புகுந்து விமானியை அறிவிழக்கச் செய்யும். எனவே அதனை ஆண்டுதோறுஞ் சோதித்தல் அவசியம்.

இவையனைத்துஞ் செய்ய ஒரு மணிநேரம் ஆகலாம். அந்நேரத்தை மிச்சம்பிடிக்க எண்ணுவோர் உயிரையே பணயம் வைக்கின்றனர். பனி நீங்காவிடிற் பயணத்தை நிறுத்துவதே விமானிக்குரிய துணிவாகும்.