ஃபைலின் பெயரே ரகசியத்தைச் சொல்லிவிடும்!

'கம்ப்யூட்டருக்குத்தான் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறோமே, போதாதா?' இல்லங்கள், கவுன்சலிங் மையங்கள் நடத்துபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். போதாது. என்கிரிப்ட் செய்யப்படாத ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்தால், விண்டோஸ் பாஸ்வேர்டுக்கு அங்கே வேலையே இல்லை. ஃபைல்கள் எல்லாம் கண்முன் வந்துவிடும்.

எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கு உதவும் ஒரு சிறு அமைப்பின் கம்ப்யூட்டரை விடுமுறை நாட்களில் நான் கவனித்துக்கொள்கிறேன். கணக்கு எழுதுபவர், கவுன்சலர், பிரிண்ட் எடுக்க வரும் மாணவர் என எல்லோருக்கும் அது ஒன்றுதான். அதில் ஒரு ஃபோல்டர். உள்ளே ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வேர்ட் ஃபைல். ஃபைல்களுக்குப் பாஸ்வேர்ட் உண்டு. ஆனால் திறக்கவே தேவையில்லையே! அந்த ஃபோல்டரில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதே அவர் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாத செய்தி. வீட்டு ஓனர் காதுக்குப் போனால் வாடகை வீடு போகும், வேலையும் போகலாம்.

இது வெறும் நல்லெண்ண விஷயமல்ல, சட்டமே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், இத்தகைய பதிவேடுகளை வைத்திருக்கும் அமைப்புகள் தகவல் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட குறிப்புகளை வைத்து, 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே மெயில் அனுப்பிப் பணம் கேட்டு மிரட்டினார்கள். சுமார் 33,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

முதலில் பெயர்களை எடுத்துவிடுங்கள். ஃபைலுக்கு எண் மட்டும் போதும். எந்த எண் யாருடையது என்பதை ஒரு நோட்டில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். ஃபைலுக்குள்ளும் பெயருக்குப் பதில் எண்ணே இருக்கட்டும்.

அடுத்து வெராகிரிப்ட். இலவச மென்பொருள்தான். 2014-இல் நின்றுபோன ட்ரூகிரிப்டின் வாரிசு. இன்ஸ்டால் செய்து 'கிரியேட் வால்யூம்' பட்டனைக் கிளிக் செய்யுங்கள். வரும் விண்டோவில் 'என்கிரிப்டட் ஃபைல் கன்டெய்னர்' என்பதைத் தேர்வு செய்து, இடம், அளவு, பாஸ்வேர்ட் கொடுங்கள். டாக்குமென்ட்களுக்கு 2 ஜிபி தாராளம். இனி அந்த ஃபைலை 'மவுண்ட்' செய்தால் மை கம்ப்யூட்டரில் புதிய டிரைவ் ஒன்று தோன்றும். வேலை முடிந்து மூடினால் டிரைவ் மறைந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிவது அர்த்தமில்லாத ஒரே ஒரு பெரிய ஃபைல்தான்.

பாஸ்வேர்ட் மறந்தால் யாராலும் மீட்க முடியாது. 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' லிங்க் எல்லாம் இங்கே கிடையாது. ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பொறுப்பாளரிடம் கொடுத்து வையுங்கள். எண்கள் எழுதிய நோட்டு இருக்கும் பீரோவில் மட்டும் வேண்டாம்! பென் டிரைவில் பேக்கப் எடுக்கும்போதும் அந்தக் கன்டெய்னர் ஃபைலையே காப்பி செய்யுங்கள். பிரித்தெடுத்துத் தனித்தனி ஃபைலாகக் காப்பி செய்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

வேர்டைத் திறந்ததும் வரும் 'ரீசன்ட்' பட்டியலையும் பாருங்கள். பழைய பெயர்கள் அங்கே வரிசையாக நிற்கும். அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், பழைய ஃபைல்களை ரெக்கவரி மென்பொருளால் பல சமயம் மீட்டுவிடலாம். எனவே அந்தக் கம்ப்யூட்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கடைக்காரர் சில நூறு ரூபாய் குறைப்பார். குறைக்கட்டும்.