தரைக்குக் கீழே உடைந்த குழாய்

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோர் கூரை ஒழுகினால் அன்றே அறிவர். கொங்கிரீட்டுத் தரையின் கீழ்ச் செல்லும் கழிவுநீர்க் குழாய் உடைந்தாலோ, பல மாதங்கள் அறியாதிருத்தல் கூடும்.

மண் இறங்குவதாலும், மரவேர் புகுவதாலும், பொருத்துக்கள் தளர்வதாலும் இக்குழாய் உடைகின்றது. வெளியேறும் நீர் அடிமண்ணைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்ல, தளத்தின் கீழ்ப் பொந்து உண்டாகின்றது. ஓயாத ஈரம், துர்நாற்றம், தரையைத் தட்டுங்கால் எழும் வெற்றோசை, சுவரில் தோன்றும் புதிய வெடிப்பு ஆகியன இதன் அறிகுறிகள்.

சமநிலத்தில் இஃது ஒரு வீட்டின் துன்பம். சரிவிலோ அயல் வீடுகளுக்கும் ஆபத்து. நீர் ஊறிய மண்ணின் பாரம் மிகும், பிடிப்புக் குறையும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்து பலர் மாண்டனர். அங்கு சரிவை நனைத்தது பெருமழை, உடைந்த குழாயன்று. எனினும், நீர் ஊறிய மலை எத்தகையது என்பதை அந்நாள் உணர்த்திற்று. மழையைத் தடுத்தல் மனிதரால் ஆகாது. வீட்டு நீர் மண்ணுட் புகாது தடுத்தல் ஆகும்.

ஐயமுண்டாயின், குழாயின் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி, அரைமணி நேரம் நோக்குக. நீர்மட்டம் இறங்கின் ஒழுக்கு உண்டு. பழுதுள்ள இடத்தை மட்டும் அளந்து குறித்துத் தளத்தை உடைத்தல் வேண்டும். அத்திவாரத்தின் அடியைத் தோண்டலாகாது. பழுதுற்ற துண்டை நீக்கி, மணற்படுக்கையின்மேல், 40 அடிக்கு 1 அடி தாழுமாறு புதிய குழாயைப் பொருத்துக. மூடுமுன் மீண்டும் நீர் நிரப்பிச் சோதித்தல் இன்றியமையாதது. பின்னர், பொந்து எஞ்சாதவாறு மண்ணைப் படைபடையாக இடித்து இறுக்கிக் கொங்கிரீட்டு இட்டு, ஏழு நாட்கள் ஈரங்காத்தல் வேண்டும்.

இடமிருப்பின், பழைய குழாயை இருமுனையும் அடைத்துக் கைவிட்டு, புதியதை வீட்டின் புறத்தே கொண்டுசெல்வது சாலச் சிறந்தது. பழுது நேரின் கண்ணிற் படும். தேயிலை மலைகளிற் கான் வெட்டி நீரை வழிப்படுத்தும் தோட்டத் தொழிலாளர் நெடுங்காலமாக அறிந்த உண்மையும் இதுவே: நீருக்கு வழிவிட்டால் மண் நிற்கும்.

வீட்டுக்கு வெளியே நிலமும் பிளந்திருப்பின், அது குழாய்வேலையன்று. அகழாது, உடனே அவ்விடம் விட்டு நீங்கிக் கிராம உத்தியோகத்தருக்கும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளுக்கும் அறிவித்தலே உயிர்காக்கும் வழி.