பச்சையாக ஊற்றும் எண்ணெய்க்கு ரசீது கேளுங்கள்

கோடை வந்துவிட்டால் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் பிஞ்சு வெள்ளரிக்காயை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தருவார்கள். கரிசக்காட்டு மக்களுக்குப் பச்சைக் காய் புதிதல்ல. சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு வந்து, மருத்துவர்கள் காய்கறியைக் கூட்டிச் சோற்றைக் குறைக்கச் சொன்ன பிறகு அதே வெள்ளரி தட்டுக்கு வந்து சாலட் ஆகிவிட்டது. அதன் மேல் ஊற்ற சூப்பர் மார்க்கெட்டில் பாட்டில் பாட்டிலாக டிரெஸ்ஸிங் விற்கிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு பங்கு புளிப்பு, மூன்று பங்கு எண்ணெய், கொஞ்சம் உப்பு இருந்தால் போதும். மேல்நாட்டார் வினிகிரெட் என்று சொல்வது இதைத்தான்.

செய்முறையும் எளிது. ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றி, கால் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போட்டு முதலில் கரைத்துவிடுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது என்பதால் இந்த வரிசை முக்கியம். சிட்டிகை மிளகுத்தூளும் அரைத்த கடுகும் சேர்த்து, மூன்று தேக்கரண்டி செக்கு நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ ஊற்றி, மூடி நன்றாகக் குலுக்குங்கள். கடுகுத் தோலில் உள்ள பசை எண்ணெயையும் சாற்றையும் சற்று நேரம் பிரியாமல் பிடித்து வைக்கும். வெள்ளரி, தக்காளி, சின்ன வெங்காயம் எதன் மேலும் ஊற்றலாம். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் மட்டும் கலக்காதீர்கள். புளிப்பு பட்டால் அந்த உலோகம் சாற்றில் இறங்கும்.

இதில் அடுப்பு கிடையாது. குழம்பில் ஊற்றும் எண்ணெயின் குறையைத் தாளிப்பும் மசாலாவும் மூடிவிடும். சாலட்டிலும் இட்லிப் பொடியிலும் எண்ணெய் பச்சையாகவே வாய்க்குள் போகிறது. ஆகவே அது எங்கிருந்து வந்தது, பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, கடைக்காரர் ரசீது தந்தாரா என்று கேட்க நமக்கு எல்லா நியாயமும் உண்டு. சட்டமும் நம் பக்கமே இருக்கிறது.

முதலில் கணக்கு. செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரைக் கிலோ எள் வேண்டும். அன்றைய எள் விலையை இரண்டரையால் பெருக்குங்கள். புண்ணாக்கு விற்று வரும் காசைக் கழித்து, ஆட்டுக்கூலியையும் சேர்க்கும் கருப்பட்டியின் விலையையும் கூட்டுங்கள். வருகிற தொகைக்கு வெகு கீழே ஒருவர் ‘சுத்தமான நல்லெண்ணெய்’ விற்றால், மீதி எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் பாமாயிலாகத்தான் இருக்கும். எள் விளைகிற சீமையில் இருக்கிறோம். இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாகப் போடக்கூடியவர்கள் யார்? ஃபிரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. கலப்படமே இல்லாத கடலெண்ணெயும் குளிரில் கலங்கிக் கெட்டியாகும்.

இரண்டு எண்ணெய்களைக் கலப்பதே குற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. கலவையில் எந்த எண்ணெயும் 20 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அக்மார்க் முத்திரை வேண்டும். எந்த எண்ணெய் எவ்வளவு என்று உறையில் எழுதி, முத்திரையிட்ட பொதியாகத்தான் விற்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் கலந்ததை ‘நல்லெண்ணெய்’ என்று சொல்லி விற்பதுதான் குற்றம்.

கலப்படம் உயிரை எடுக்கும் என்பதற்கு 1998 சாட்சி. அந்த ஆண்டு டெல்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மஞ்சள் பூவும் முள் இலையுமாக நம் தரிசு நிலங்களிலும் சாலையோரங்களிலும் நிற்கும் அதே செடிதான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு சமையல் எண்ணெயைப் பொதியிட்டே விற்க வேண்டும் என்று ஆணை போட்டது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த ஒழுங்குமுறைகளும் இதையே சொல்கின்றன: மாநில அரசு தனியாக விலக்கு அளித்தாலொழிய, பொதியும் லேபிளும் இல்லாத சமையல் எண்ணெயை விற்கக் கூடாது. பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் சில்லறை எண்ணெய் இந்தத் தடைக்குள் வருகிறது. உங்கள் எள்ளை நீங்களே கொண்டுபோய், கண்முன்னே கூலிக்கு ஆட்டி வாங்கி வருவது விற்பனை ஆகாது. முடிந்தவர்களுக்கு அதைவிட நம்பகமான வழி வேறில்லை.

பொதி எண்ணெய் வாங்கும்போது லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், தயாரித்த நாள், முகவரி, அதிகபட்ச விலை ஆகியவற்றைப் பாருங்கள். சிறிய செக்குக் கடைக்கும் பதிவு எண் கட்டாயம். அளவையும் பார்க்க வேண்டும். எண்ணெய் சூட்டில் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். இதைப் பயன்படுத்தி, உறையில் அதிக வெப்பநிலையைக் குறிப்பிட்டு எடையைக் குறைத்த நிறுவனங்கள் இருந்தன. அதனால்தான் 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் லிட்டரோடு கிராமையும் சேர்த்து அச்சிடும்படி நிறுவனங்களுக்குச் சொன்னது. லிட்டரை விட்டுவிட்டு கிராமைப் படியுங்கள். உங்களுக்குக் கிடைத்தது எவ்வளவு என்பதை அதுதான் சொல்லும்.

அடுத்து புளிப்பு. வினிகரில் இரண்டு வகை உண்டு. பழச்சாறு, கரும்பு போன்றவற்றைப் புளிக்க வைத்து எடுப்பது ஒன்று. அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் சேர்த்துச் செய்வது மற்றொன்று. இரண்டிலும் அமிலம் குறைந்தது 3.75 விழுக்காடு இருக்க வேண்டும். கந்தக அமிலம் போன்ற கனிம அமிலம் துளியும் கூடாது. இரண்டாவது வகை என்றால், அது செயற்கை வினிகர், அசிட்டிக் அமிலத்திலிருந்து தயாரித்தது என்று லேபிளில் தெளிவாக எழுத வேண்டும். அந்த வரி இல்லாமல் அதை விற்றால் அது தவறான லேபிள். 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடையில் கிடைக்கும் அடர் அசிட்டிக் அமிலத்தை வாங்கி வீட்டில் தண்ணீர் கலந்து வினிகர் செய்யாதீர்கள். அது தோலையும் உணவுக்குழாயையும் எரித்துவிடும். ஆப்பிள் வினிகர் சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வோரை நம்பி மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். உணவுப் பொருள் பற்றிப் பொய் விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். என்னைக் கேட்டால் கரிசல் வீட்டுக்கு வினிகரே வேண்டாம். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறது. அதற்கு லேபிள் தேவையில்லை.

வீட்டில் நாமே உண்டாக்கும் ஆபத்தும் ஒன்று இருக்கிறது. வாசனைக்காகப் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் இணையக் காணொளிகளால் பரவுகிறது. மண்ணிலிருந்து பூண்டில் ஒட்டிவரும் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள், காற்று புகாத எண்ணெய்க்குள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். நாற்றமோ சுவை மாற்றமோ தெரியாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகம் ஃபிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைப் பயன்படுத்தியதால் 36 பேருக்கு இந்த நஞ்சு ஏறியது. கார அமில அளவு (pH) 4.6க்குக் கீழே போனால் இந்தக் கிருமி வளராது என்றாலும், வீட்டில் அதை அளந்து பார்க்க வழியில்லை. சித்திரை வெயிலில் நம் சமையலறைகள் எவ்வளவு கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூண்டு சேர்த்தால் அன்றன்றைக்குச் செய்து தீர்த்துவிடுங்கள். மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடியுங்கள். பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது ஆகியவை அறிகுறிகள். அடுத்து மூச்சு நிற்கக்கூடும் என்பதால் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இனிப்புக்குத் தேன் சேர்த்த டிரெஸ்ஸிங்கை ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தரவே கூடாது. காரணம் இதே கிருமிதான்.

ஏமாந்தால் என்ன செய்வது? பாட்டிலைக் காலி செய்யாமல், லேபிளையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு புகார் அனுப்பலாம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகமாகப் பிரித்து, ஒன்றை அரசு உணவுப் பகுப்பாய்வகத்துக்கு அனுப்புவார். நம் பகுதிக்குப் பாளையங்கோட்டையில் அப்படி ஒன்று இருக்கிறது. தரக்குறைவு என்று உறுதியானால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். உயிர் போனால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு. அதோடு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி குடும்பத்துக்கு 5 லட்சத்துக்குக் குறையாத இழப்பீடும் கிடைக்கும்.

பலருக்குத் தெரியாதது அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு. அலுவலர் வராவிட்டாலும், வாங்குகிற நீங்களே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: வாங்கும்போதே, “இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கலப்படம் என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும்.

பண இழப்புக்கு வழி வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அங்கே தீராவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் தொடுக்க இப்போது உரிமை உண்டு. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை; இணையம் வழியாகவும் பதியலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.