ட்ரோம்சோவுக்கு எந்த மாதம்?

நார்வேக்குச் சுற்றுலா போக நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது விமானக் கட்டணம், அடுத்தது குளிர். அங்கே சூரியன் அந்த வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. வடக்கு நார்வேயில் பயணத்தை ஆக்குவதும் கெடுப்பதும் அதுதான்.

ட்ரோம்சோ நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 350 கி.மீ. வடக்கே இருக்கிறது. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால், மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதில்லை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை எழுவதும் இல்லை. நடுவில் சம இரவு நாளை ஒட்டி, பகல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 நிமிடம் கூடும், அல்லது குறையும். ஒரு வாரம் தங்கினால் ஒரு மணி நேரப் பகல் கைமாறிவிடும்!

குளிரைப் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் இந்தக் கரை வரை வந்துவிடுவதால் துறைமுகம் உறைவதில்லை. ஜனவரியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 4 டிகிரி அளவில்தான்.

சூரியன் வராத அந்த வாரங்களும் கும்மிருட்டு அல்ல. டிசம்பர் 21 அன்றுகூட நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு 3 டிகிரிதான் கீழே நிற்கிறது. சில மணி நேரம் வானமும் பனியும் ஒரே ஆழ்ந்த நீலம். உயரே இருக்கும் ஓசோன் படலம் சாய்ந்து வரும் ஒளியில் ஆரஞ்சு நிறத்தை உறிஞ்சிக்கொள்வது இதற்கு முக்கியக் காரணம். அந்த நீலத்துக்காகவே டிசம்பரில் போகலாம்.

ஆனால் துருவ ஒளிக்காக டிசம்பர்தான் வேண்டும் என்பது தவறான கணக்கு. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் கிளப்பிவிடும் ஆற்றலில், 100 கி.மீ.க்கு மேலே ஆக்ஸிஜன் அணுக்கள் பச்சையாக ஒளிர்வதுதான் துருவ ஒளி. காந்தத் துருவத்தைச் சுற்றி இது எப்போதும் ஒரு வளையமாக இருக்கிறது. ட்ரோம்சோ அந்த வளையத்துக்கு நேர் கீழே. கோடையிலும் அது ஒளிரும், வெளிச்சத்தில் தெரியாது, அவ்வளவுதான். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பூமியின் காந்தப்புலம் நிற்கும் சாய்வு, சூரியக் காற்றின் காந்தப்புலத்தோடு எளிதாகப் பிணைய இடம் கொடுக்கிறது. அதனால் அப்போது கொந்தளிப்பு சற்று அதிகம். ரஸ்ஸல், மக்ஃபெரான் என்ற இரு விஞ்ஞானிகள் 1973-இல் இதற்கு விளக்கம் தந்தார்கள்.

அப்படியானால் மார்ச்சா, செப்டம்பரா? பனிச்சறுக்கு வேண்டுமென்றால் மார்ச். வசந்தம் வந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். ட்ரோம்சோவில் பதிவான மிக ஆழமான பனி 240 செ.மீ.; அது விழுந்து குவிந்து நின்றது 1997 ஏப்ரல் 29 அன்று!

என் ஓட்டு செப்டம்பர் பிற்பகுதிக்கு. கடல் கோடையின் சூட்டை இன்னும் விடாமல் வைத்திருக்கும், பிர்ச் மரங்கள் மஞ்சளாகியிருக்கும், மலைப்பாதைகளில் நடக்கலாம். இரவு 9 மணிக்கெல்லாம் நன்றாக இருட்டியும் விடும். ஒரே இடைஞ்சல் மேகம். அக்டோபர்தான் அங்கே அதிக மழை பெய்யும் மாதம். அதன் முன்னோட்டம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வானம் மூடியிருந்தால் விடுதியிலேயே உட்கார்ந்திராமல் ஷிபோத்ன் பக்கம் வண்டி எடுங்கள். மலைகளின் மழை மறைவில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கோடையில் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கண்களை மூடிக்கட்ட ஒரு கறுப்புத் துணி. நள்ளிரவு வெயிலில் மூளை தூக்கத்துக்கான மெலடோனினைச் சரியாகச் சுரக்காது.

டிக்கெட் போடும் முன் வீட்டு நாள்காட்டியை ஒருமுறை புரட்டி, செப்டம்பரில் அமாவாசை எப்போது என்று பாருங்கள். அதை ஒட்டி நான்கு இரவாவது ஒதுக்குங்கள். ஒரே ஒரு இரவை நம்பிப் போகாதீர்கள்.