கொம்பு, கால், கணினி

எழுதி முடித்த நாவலின் கோப்புக்குக் ‘கொடி’ என்று பெயர் வைக்கிறோம். நம் கணக்கில் இரண்டு எழுத்து. கணினியின் கணக்கில் நான்கு: க, ஒகரக் குறி, ட, இகரக் குறி. இதே கோப்பைப் பழைய மேக் வட்டு ஒன்றில் போட்டு, அங்கிருந்து லினக்ஸுக்கு எடுத்து வந்தால் நான்கு ஐந்தாகியிருக்கும். ஒகரக் குறி, ஒற்றைக்கொம்பு வேறு துணைக்கால் வேறாகப் பிரிந்து நிற்கும். திரையில் பார்த்தால் அதே கொடிதான்.

யூனிகோடுக்கு இரண்டும் சம்மதம். சிக்கல், இயங்குதளங்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பதில். ஆப்பிள் 1998இல் கொண்டுவந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது (2017இல் வந்த ஏ.பி.எஃப்.எஸ். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது). விண்டோஸும் லினக்ஸும் வந்ததை வந்தபடியே வைத்துக்கொள்ளும். அதனால் லினக்ஸில் ஒரே அடைவுக்குள் இரண்டு ‘கொடி’ பக்கத்தில் பக்கத்தில் குடியிருக்கலாம்; ஒன்றின் பெயர் 12 பைட், மற்றதன் பெயர் 15. நாவலுக்குள்ளும் இது நடக்கும். யாராவது கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால், சொல் தேடும் கிரெப் கட்டளை அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். பிழை திருத்துவதற்கு முன் பிரதி முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

கிரெப், செட், ஆக் போன்ற கருவிகளின் பூர்வீகம் யூனிக்ஸ். அதன் பிறப்பிலேயே அச்சு வேலை கலந்திருக்கிறது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி குழுவுக்கு ஒரு பிடிபி-11 கணினி வேண்டியிருந்தது. இன்னொரு இயங்குதளம் எழுதப்போகிறோம் என்றால் நிர்வாகம் பணம் தராது. ஆவணங்களைத் திருத்தி வடிவமைக்க ஓர் ஏற்பாடு செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். 1971இல் காப்புரிமைத் துறையின் தட்டச்சர்கள் அதில் விண்ணப்பங்களை அடிக்கத் தொடங்கினார்கள். லினக்ஸிலும் மேக்கிலும் இன்று அந்தக் கருவிகள் கூடவே வருகின்றன. விண்டோஸ்காரர்கள் லினக்ஸ் துணை அமைப்பை நிறுவிக்கொண்டால் போதும். ஆயிரம் பக்கத்தில் இரட்டை இடைவெளிகளைக் களைய, எனக்குத் தெரிந்து இவற்றை மிஞ்ச ஆளில்லை.

பக்கம் அமைப்பது வேறு கதை. யூனிகோடு தமிழைக் காது கேட்கும் வரிசையில் வைக்கிறது: முதலில் க, பிறகு எகரக் குறி. கண்ணுக்கோ கொம்பு முன்னால் வர வேண்டும். இடம் மாற்றி வரைவதற்கென்றே ஒரு நிரல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் அது யூனிஸ்கிரைப், மேக்கில் கோர் டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ் என்று ஆளுக்கொன்றாக இருந்தது. லிப்ரே ஆபீஸ் மென்பொருளும் அந்தந்த ஊரில் அந்தந்த நிரலையே நம்பியிருந்தது. வரையும் கை மாறினால் வரி உடையும் இடமும் மாறக்கூடும். ஒரு வரி நகர்ந்தால் பொருளடக்கத்தின் பக்க எண்ணுக்கே ஆபத்து. 2017இல் வந்த லிப்ரே ஆபீஸ் 5.3 பதிப்பு மூன்று இடத்திலும் ஹார்ஃப்பஸையே வைத்துக்கொண்டது. ஆகவே, சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர் எந்த இயங்குதளம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, எழுத்துருவையும் மென்பொருளின் பதிப்பையும் எல்லாக் கணினியிலும் ஒன்றாக வைத்துக்கொள்வது மேல்.

யூனிகோடுக்கு முன்பு கொம்பை முதலில் தட்டுவதுதான் வழக்கம். பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘அ’ உட்கார்ந்திருக்கும். அப்படி அடித்துப் பேஜ்மேக்கரில் கட்டிய புத்தகங்கள் ஏராளம். அந்தப் பழைய பிரதியை இன்று பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் சொல்லிவைத்தாற்போல ஒத்துப்போவது இதில்தான்.