மலையேறிய மகனும் மலைக்கு வந்த தாயும்



கார்த்திகை தீபத்தன்று நம் லயத்து வாசல்களில் அகல் விளக்கு ஏற்றுகிறோம். அந்த விளக்குகளுக்கெல்லாம் தாய் விளக்கு திருவண்ணாமலையின் உச்சியில் எரிகிறது. அந்த மலையையே வீடாகக் கொண்டு 54 ஆண்டுகள் வாழ்ந்தவர் ரமண மகரிஷி. அவருடைய படம் நம்மில் பலர் வீட்டுச் சாமி மேடையிலும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பால்மரம் வெட்டும் ஓர் அம்மா பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்தினார். அவருடைய ஒரே மகன் வேலை தேடிப் பட்டணம் போனவன். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. "வாத்தியாரய்யா, அந்த ரமண சாமியும் தாயை விட்டு ஓடிப் போனவர்தானே? அவரை மட்டும் ஏன் கும்பிடுகிறோம்?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு, எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்குச் சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தான். 1895இல் உறவினர் ஒருவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னபோது அவனுக்கு வியப்பு. அது மண்ணில் உள்ள ஓர் ஊர் என்றே அவன் அதுவரை அறியவில்லை!

அடுத்த ஆண்டு, திடீரென்று மரண பயம் அவனைப் பற்றியது. தரையில் பிணம்போல் படுத்து, 'சாவது உடல்தான், நான் யார்?' என்று தனக்குள் ஆராய்ந்தான். அதன்பின் பாடத்தில் மனம் செல்லவில்லை. 1896 ஆகஸ்டு 29ஆம் நாள், அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டான். தந்தையைத் தேடிப் போவதாக எழுதிய சீட்டோடு மீதி 2 ரூபாயை வைத்துவிட்டுக் கிளம்பினான். அந்தச் சீட்டில் கையெழுத்து இல்லை. அவன் தேடிய தந்தை அருணாசலம். செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் இறங்கினான். அதன்பின் அந்த இடத்தை விட்டு அகலவே இல்லை.

தாய் அழகம்மாள் என்ன ஆனார்? மகன் இருக்குமிடம் அறிந்து 1898இல் பவழக்குன்றுக்கு ஓடி வந்தார். சடை முடியும் அழுக்குமாகக் கிடந்த மகனைக் கண்டு கதறினார். நாள்தோறும் வந்து மன்றாடினார். மகனோ வாய் திறக்கவில்லை. விதித்தது நடந்தே தீரும் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அழகம்மாள் வெறுங்கையோடு திரும்பினார். இந்த இடத்தில் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை, அன்பர்களே! 1899இல் மலையேறிய ரமணர் விரூபாட்ச குகையில் பல்லாண்டு தங்கினார். மலையில் புல் வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்ற ஏழைப் பெண்கள் தாகத்தோடு வந்து நிற்பார்கள். சாதியின் பெயரால் குளத்து நீர் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். தம் கையாலேயே அவர்களுக்குத் தண்ணீர் வார்த்தார் சாமி. மலைக்கு மேல் சாதியும் இல்லை, தாழ்வும் இல்லை.

1914இல் அழகம்மாள் மகனைப் பார்க்க வந்து காய்ச்சலில் விழுந்தார். அன்று மௌனமாக இருந்த அதே மகன் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயைக் காக்கும்படி அருணாசலனை வேண்டிப் பாட்டும் பாடினார். 1916இல் அழகம்மாள் நிரந்தரமாகவே மலைக்கு வந்துவிட்டார். அந்த ஆண்டே எல்லாரும் சற்று மேலே உள்ள ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். அழகம்மாள் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்தார். மகனைத் தேடி வந்தவர்களுக்கெல்லாம் அவர் தாயானார்.

1922 மே 19ஆம் நாள் தாயின் இறுதி நாள். ஒரு கை நெஞ்சிலும் ஒரு கை தலையிலுமாக, உயிர் அடங்கும் வரை மகன் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். தாயை அடக்கம் செய்தது மலையடிவாரத்தில். அதன்பின் ரமணர் மேலிருந்து அடிக்கடி இறங்கி அங்கே போய் வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு நாள் அங்கேயே தங்கிவிட்டார். இன்றைய ரமணாசிரமம் அந்தத் தாயின் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். மலையேற்றியவன் அருணாசலன் என்றால், கீழே இறக்கி வந்தவர் தாய்!

வீட்டை விட்டுத் துறவு கொள்ளலாமா என்று கேட்டவர்களை அவர் ஊக்கப்படுத்தவில்லை. எங்கே ஓடினாலும் மனமும் கூடவே வரும். இருக்கும் இடத்தில், செய்யும் வேலையில் இருந்தபடியே 'நான் யார்' என்று பார் என்பதே அவர் போதனை. மலை அசையாமல் நிற்பதுபோல மனம் நிற்க வேண்டும். அதற்குக் கப்பல் டிக்கெட்டும் வேண்டாம், விமான டிக்கெட்டும் வேண்டாம். விடியற்காலை மரத்தடியில் மங்கு கவிழ்க்கும்போதும் அது நடக்கும். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அந்த மலையடியிலேயே அவர் மறைந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியில் அந்தத் தாய் மகன் பக்கத்தில்தானே இருந்தார்?"

"ஆமாம்மா" என்றேன்.

"அது போதும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பட்டணத்தில் இருக்கும் பிள்ளைகளே, இதைப் படித்ததும் இன்றே வீட்டுக்கு நான்கு வரி எழுதிப் போடுங்கள்.